குட்டைப் போலீஸின் கைக்கட்டு

ஜெனி, சாம், பீரோவில் என் வேட்டிக்கு அடியில் இருக்கிற டிவிடியை ஏன் தூக்கிப் போட மாட்டேன் என்கிறேன் என்று நேற்று கேட்டீர்கள். போட்டுப் பார்க்க வீட்டில் பிளேயர்கூட இல்லையே, இதை வெச்சிக்கினு இன்னாப்பா பண்ணப் போற என்று சாம் சிரித்தான். வாயால் சொன்னால் நடுவில் கேள்வி கேட்டே என்னைக் குழப்பிவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன்.

எனக்குப் பேய், பிசாசு, சகுனம் எதிலும் நம்பிக்கை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசைக்குப் போவேன், ஜெபம் சொல்வேன், அதோடு சரி. லைட் அணைந்தால் எந்த ஒயர் விட்டுப்போச்சு என்று பார்க்கிற ஆள் நான். இன்றைக்கும் அப்படித்தான். அப்படிப்பட்ட நான் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள், நடந்தது நடந்ததுதான்.

உங்கள் அம்மாவைக் கட்டுவதற்கு முன்னால் நானும் இசக்கி மாமாவும் பென்னலூரில் மேரி அக்கா வீட்டு மாடி அறையில் இருந்தோம். இசக்கி திருநெல்வேலிக்காரன், குட்டை. நான் இந்தப் பக்கத்து ஆள், நெட்டை. இரண்டு பேருக்கும் ஒரகடத்தில் ஒரே கம்பெனி, ஒரே பிரஸ் மெஷின், ஷிப்டு மட்டும் வேறு. தகட்டை உள்ளே வைத்தால் மேலிருந்து இரும்பு அச்சு இறங்கி அழுத்தி வளைக்கும், அதுதான் பிரஸ்.

ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டு பிளாட்பாரத்தில் இசக்கி அந்த டிவிடியை வாங்கி வந்தான். அட்டை இல்லை, படத்தின் பெயர் இல்லை, டிஸ்க் மேல் மார்க்கரில் ‘ரெண்டு போலீஸ், தமிழ்’ என்று மட்டும் இருந்தது. செல்லில் தேடிப் பார்க்கலாமே என்பீர்கள், பெயரே தெரியாமல் எதைத் தேடுவது? வெளிநாட்டுப் படம், தமிழில் பேசவைத்திருந்தார்கள். ஒரு நெட்டைப் போலீஸ், ஒரு குட்டைப் போலீஸ், ஒருத்தனை ஒருத்தனுக்கு ஆகாது, ஆனால் ஒரே காரில்தான் போகவேண்டும். திருடனை விரட்டிக்கொண்டு மீன் மார்க்கெட்டுக்குள் காரை விடுவார்கள், காரெல்லாம் மீன் நாற்றம், அதற்கு யார் காரணம் என்று அரை மணி நேரம் சண்டை. நாங்கள் அதைப் பார்த்த தடவைக்குக் கணக்கே கிடையாது.

பாதிப் படத்தில் இரண்டு போலீசும் ஒரு பழைய பேக்டரி ஷட்டரைத் தூக்கி உள்ளே நுழைவார்கள். அந்த இடத்தில் டிஸ்கில் நகத்தால் கீறின மாதிரி ஒரு கோடு, அங்கே படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். லுங்கியில் துடைத்துப் பார்ப்போம், நகராது. பிறகு ரிமோட்டை அமுக்கி அடுத்த காட்சிக்குத் தாண்டிவிடுவோம். அடுத்த காட்சியில் குட்டைப் போலீஸின் வலது கையில் பெரிய வெள்ளைக் கட்டு. கடைசி வரை அந்தக் கட்டோடுதான் வருவான். நெட்டையன் திட்டிக்கொண்டே அவனுக்குச் சாப்பாடு ஊட்டுவான், சட்டை பட்டன் போட்டுவிடுவான். குட்டையன், “கை போனா என்ன, வாய் இருக்கே, ஊட்டு” என்பான்.

எங்கள் அறையில் தினம் அதே வசனம்தான். இசக்கி கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, “ஏல அந்தோணி, கை போனா என்ன, வாய் இருக்கே, ஊட்டு” என்பான். நான் தயிர்ச்சோற்றை அவன் மூக்கில் அப்புவேன். அந்தக் கை எப்படிப் போச்சு என்றுதான் தெரியாது.

“நாய் கட்ச்சிருக்கும்டா” என்பேன் நான்.

“போலே, பொண்டாட்டி கடிச்சிருப்பா” என்பான் அவன்.

இப்போது என் தப்பைச் சொல்லவேண்டும். பிரஸ்ஸில் இரண்டு பட்டன் இருக்கும். இரண்டு கையாலும் சேர்த்து அமுக்கினால்தான் அச்சு இறங்கும், ஏனென்றால் இரண்டு கையும் பட்டனில் இருந்தால் உள்ளே கை இருக்காது. ஆனால் டார்கெட் முடியவேண்டுமே. அதனால் நாங்கள் ஒரு பட்டனை அமுக்கிய நிலையிலேயே ஆப்பு வைத்து நிறுத்திவிடுவோம். பழைய மெஷின், காட்டிக்கொடுக்காது. ஒரு கை பட்டனில், ஒரு கை தகட்டில், வேலை பறக்கும். என் ஆப்பு, நீலப் புள்ளி போட்ட கிளவுஸின் சுண்டுவிரல் துண்டு. ஷிப்டு முடிந்தால் அதை எடுத்துவிடவேண்டும். அடுத்து வருகிறவன் கூட்டாளியாக இருந்தால் எடுக்காமல் விட்டுப் போவோம், அது ஒரு உபகாரம் என்று நினைத்தோம்.

அன்றைக்கு எனக்கு நைட் ஷிப்டு முடிந்தது, அடுத்து இசக்கி. ஆப்பை அப்படியே விட்டுவிட்டு, “மாப்ள, உனக்காக வெச்சிட்டுப் போறேன்” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

அறைக்கு வந்து, நல்ல வெயில் அடிக்கிற நேரம், இட்லியைப் பிரித்துக்கொண்டு அந்தப் படத்தைப் போட்டேன். ஷட்டர் வந்தது. நிற்கப் போகிறது என்று ரிமோட்டைக் கையில் எடுத்தேன். நிற்கவில்லை.

படம் ஓடியது. சத்தம் மட்டும் இல்லை. உள்ளே ஒரு பிரஸ் மெஷின், இரண்டு பட்டன். நெட்டைப் போலீஸ் சிரித்துக்கொண்டே பாக்கெட்டிலிருந்து ஒரு துணித் துண்டை எடுத்து ஒரு பட்டனில் சொருகினான். நீலப் புள்ளி போட்ட கிளவுஸின் சுண்டுவிரல். குட்டையன் உள்ளே கை விட்டு எதையோ எடுக்கப் போனான், அவன் முகம் மாறியது. நெட்டையன் இன்னும் சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தான். அடுத்த காட்சியில் அவன் கையில் கட்டு.

தூக்கக் கலக்கம் என்று நீங்கள் சொல்லலாம். நானும் ஒரு நிமிஷம் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் என் ஆப்பு இன்னும் அந்த மெஷினில்தான் இருந்தது. போனில் கூப்பிட முடியாது, மெஷின் பக்கம் செல் கொண்டுபோகக் கூடாது, லாக்கரில் இருக்கும். கீழே ஓடினேன்.

“அக்கா, வண்டி சாவி குடுங்க.”

“இன்னாடா, சட்டைய திருப்பிப் போட்டுக்கினு எங்க ஓடுற?” என்றார் மேரி அக்கா. சாவியைத் தந்தார்.

ஒரகடம் வரை எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. கேட்டில் செக்யூரிட்டி, “இப்பத்தானப்பா போன?” என்றார். வீட்டுச் சாவியை லாக்கரில் விட்டுவிட்டேன் என்று பொய் சொன்னேன். உள்ளே ஓடும்போது தூரத்திலேயே இசக்கியின் முதுகு தெரிந்தது. இடது கை தொடைமேல், வலது கை அச்சுக்குள் தகட்டோடு.

“இசக்கி” என்று கத்தினேன்.

அவன் கையை இழுத்துக்கொண்டு திரும்பினான். அவன் திரும்பி முடிப்பதற்குள் அவன் முதுகுக்குப் பின்னால் அச்சு இறங்கியது. யாரும் பட்டனைத் தொடவில்லை.

“நான் அமுக்கலைலே” என்றான். அதையே மூன்று தடவை சொன்னான்.

மெஷின் ஏன் இறங்கியது என்பதற்குக் காரணம் உண்டு. மெயின்டனன்ஸ்காரர் பிரித்துப் பார்த்தார், அவன் அமுக்கிய பட்டன் உள்ளேயே ஒட்டிக்கொண்டிருந்தது. ஒன்று ஒட்டினால் இன்னொன்று தடுக்கும், அதற்குத்தான் இரண்டு. அந்த இன்னொன்றை நான்தான் ஆப்பு வைத்துக் கெடுத்திருந்தேன். சூப்பர்வைசரிடம் நானே எழுதிக் கொடுத்தேன், ஒரு வாரம் வீட்டில் உட்கார வைத்தார்கள். அது நியாயம்தான். பிள்ளைகளே, உபகாரம் என்று நினைத்துக்கூட ஒருத்தன் கையைப் பறிக்க முடியும், இதை மறக்காதீர்கள்.

ஷிப்டு முடிந்து அவன் அறைக்கு வந்ததும் படத்தில் பார்த்ததைச் சொன்னேன். “நைட்டு முழுக்க முழிச்சிட்டு படம் பாத்தா அப்படித்தாம்லே தெரியும்” என்றான். சரி, போடு என்றேன். போட்டான். ஷட்டர் வந்தது, கட்டம் கட்டமாக உடைந்து நின்றது, எப்போதும்போல. “பாத்தியா” என்று என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அடுத்த காட்சிக்குத் தாண்டினான்.

குட்டைப் போலீஸ் ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வலது கையால், தானாகவே. கட்டு இல்லை.

ஊட்டுகிற காட்சி இல்லை. பட்டன் போடுகிற காட்சி இல்லை. அந்த வசனமும் வரவில்லை. கடைசி வரை பார்த்தோம். இசக்கி டிஸ்கை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினான். அதே மார்க்கர் எழுத்து, அதே கீறல். யாராவது டிஸ்கை மாற்றிவிட்டார்களோ என்று கேட்டதற்கு, மாடிக்கு யாரும் வரவில்லை என்று மேரி அக்கா சொன்னார். பிறகு இசக்கி தன் வலது கையை லுங்கி மடிப்புக்குள் ஒளித்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு நாங்கள் அதைப் போடவே இல்லை. அடுத்த வாரமே பிளேயரை விற்றுவிட்டோம். உடைத்துப் போடலாம், எனக்குப் பயம் ஒன்றும் இல்லை. ஆனால் உடைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது, போட்டுப் பார்த்துக் கட்டு திரும்பி வந்திருந்தால் என்ன செய்வது என்றும் தெரியாது. இசக்கி இப்போதும் பிள்ளைப்பாக்கத்தில் ஒரு பிரஸ் ஷாப்பில்தான் வேலை பார்க்கிறான். அதனால் அது வேட்டிக்கு அடியில் இருக்கட்டும்.

ஒவ்வொரு ஞாயிறும் நம் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே இசக்கி மாமா என்னிடம், “பத்திரமா இருக்காலே?” என்று கேட்பான், நான் “இருக்குடா” என்பேன். உங்களைத்தான் கேட்கிறான் என்று இத்தனை நாளும் நினைத்து, நீங்களும் உள்ளேயிருந்து கையாட்டிக்கொண்டிருந்தீர்கள்.