பதினெட்டுக் கண்ணாடியும் ஒரு காலி நாற்காலியும்

பள்ளிக்கூடத்தில் உதவியாள் வேலை என்றால் மற்றவர்கள் சிந்தியதைத் துடைப்பது, பூட்டியதைத் திறப்பது, கேட்டதை எடுத்துக் கொடுப்பது. அதற்கு மேல் வாய் திறந்தால் அது வேலையில் சேராது. "இனிமே வாத்தியாரே தேவைப்படாதும்மா" என்று எனக்கு முதன்முதலில் சொன்னவர் எங்கள் தலைமையாசிரியர். போன ஆடி மாசம், மூன்றாவது வெள்ளிக்கிழமை. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றிவிட்டு நான் ஒரு பஸ் தாமதமாகப் போய் நின்றேன். திட்டு விழும் என்று பார்த்தால், மனுஷர் சிரித்துக்கொண்டே ஒரு கறுப்புப் பெட்டியைத் திறந்து காட்டினார்.

உள்ளே பதினெட்டு வி.ஆர். கண்ணாடி. மூக்கில் மாட்டுகிற கண்ணாடி என்று நினைக்காதீர்கள். முகத்தில் பாதியை மூடுகிற டப்பா. மாட்டிக்கொண்டால் நின்ற இடத்திலேயே கடலும் காடும் ஆகாசமும் நம்மைச் சுற்றி நிற்கும். சென்னைக் கம்பெனி ஒன்று தானமாகக் கொடுத்தது. எங்களுடையது கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கும் மேலே, பிள்ளைகள் தங்கிப் படிக்கிற பள்ளி. பத்தாவது வரைக்கும் உண்டு. அறிவியல் டீச்சர் ஆனி மாசமே மாற்றல் வாங்கிக்கொண்டு உளுந்தூர்பேட்டைக்குப் போய்விட்டார். வேறு ஆள் கேட்டு, பெற்றவர்கள் கையெழுத்தும் கைநாட்டுமாகப் போட்ட கடிதம் ஒன்று அனுப்பத் தயாராக இருந்தது. பெட்டி வந்த அன்றைக்கு அந்தக் கடிதம் தலைமையாசிரியர் மேஜையின் இரண்டாவது இழுப்பறைக்குள் போனது. சாவி அப்போது என் இடுப்பில் இருந்தது, அதனால் எனக்குத் தெரியும். என்னைப்போலச் சாவிக்கொத்தைச் செருகிக்கொண்டு காலம் தள்ளுகிறவர்களுக்கு மீதி சொல்லாமலே புரியும்.

சடை

கண்ணாடியைப் பழக்கிவிட கம்பெனியிலிருந்து தினேஷ் என்று ஒரு தம்பி வந்தார். நல்ல பிள்ளை, என் மகன் வயசு. பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து முதல் கண்ணாடியை மாட்டப் போனார், மாட்ட முடியவில்லை. அதன் பட்டை பின்மண்டையைச் சுற்றிப் பிடிக்க வேண்டும். எங்கள் பெண்பிள்ளைகளுக்கோ ரெட்டைச் சடை, அதை மடித்துக் கட்டி சிவப்பு ரிப்பன். ஒன்று ரிப்பன் நசுங்கியது, இல்லை டப்பா நழுவி மூக்கில் விழுந்தது. அவிழ்க்கச் சொன்னார். அவிழ்த்தேன். எண்ணெயில் பட்டை வழுக்குகிறது, நாளை முதல் எண்ணெய் வைக்காமல் வரச் சொல்லுங்கள் என்றார். தலையைச் சுற்றிப் பார்க்கிற சாமான் செய்தவர்கள் ஒரு தலையையாவது சுற்றிப் பார்த்திருக்கலாம்.

கடலைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றியதும் தலைவிரிகோலமாக வகுப்புக்குப் போகக்கூடாது என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். ஆக, ஒவ்வொருத்திக்கும் அவிழ்ப்பதும் நானே, பின்னுவதும் நானே. பத்தாவது படிக்கிற கோகிலா கடைசியாக வந்து உட்கார்ந்தாள். அப்பா அம்மா இரண்டு பேரும் கேரளாவில் மிளகு எஸ்டேட்டில் இருக்கிறார்கள். இவளுக்கு நர்ஸ் ஆகவேண்டும். அடிவாரத்துப் பள்ளியில் பதினொன்றாவதில் அறிவியல் குரூப் கிடைத்தால்தான் அது நடக்கும். அறிவியலில் நல்ல மார்க் வாங்கினால்தான் அந்தக் குரூப். அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ரிப்பனை இறுக்கிக் கட்டும்போது மெதுவாகச் சொன்னாள்: "ஆயாம்மா, கடலு எட்டு நிமிசம், சடை அரை மணி நேரம். எங்கிளாஸ்ல இன்னிக்கு நடந்த ஒரே பாடம் சடைதான்."

காட்டுப் பாடம்

ஒன்பதாவதுக்குக் காடுகள் பற்றி ஒரு பாடம். எங்கள் பள்ளிக்கூடச் சுவரைத் தாண்டினால் காடு. ஜன்னலைச் சாத்தி, கதவைச் சாத்தி, திரை போட்டு இருட்டாக்கி, பிள்ளைகளுக்குக் கண்ணாடி மாட்டிக் காட்டைக் காட்டினோம். இதைச் சொல்லும்போது எனக்கே நாக்கு கூசுகிறது, ஆனால் திரை போட்டவள் நான்தான்.

மாதேஷ் என்கிற பையன் லீவு நாளில் கடுக்காய் பொறுக்கி அம்மாவுக்குக் கொடுக்கிறவன். கண்ணாடிக்குள் கையை நீட்டி, "இது இன்னா மரம் சார்?" என்று கேட்டான். தினேஷ் தம்பி போனில் தேடிப் பார்த்துவிட்டு, அது வெளிநாட்டு மரம் என்றார். அடுத்த மரம்? அதுவும் வெளிநாடு. அதற்கப்புறம் அவன் கேட்பதை விட்டுவிட்டான். நேரம் முடிந்து நான் கழற்றியபோது முகத்தில் வேர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "அவ்ளோ தூரம் நடந்தேன், ஒரு முள்ளு ஏறல, ஒரு அட்டை கடிக்கல. நீ காலையில பெருக்கி வுட்டுட்டியா ஆயாம்மா?"

சரஸ்வதி பூஜை

இது என் தப்பு. ஒப்புக்கொள்கிறேன். பூஜைக்கு முந்தின நாள் கிணற்று மோட்டாருக்குப் பொட்டு வைத்தேன், மணிக்கு வைத்தேன், துடைப்பத்துக்கும் வைத்தேன். சாமிக்கு முன்னால் பதினெட்டுக் கண்ணாடியை மட்டும் வெறும் நெற்றியாக வைக்க மனசு வரவில்லை. அதன் முன்பக்கம் நாலு மூலையிலும் கறுப்பாக நாலு வட்டம், பொட்டுக்கென்றே விட்டதுபோல இருந்தது. சந்தனம் குழைத்து, குங்குமம் வைத்து, பொரிகடலைக்குப் பக்கத்தில் அடுக்கிக் கும்பிட்டேன். பத்தாவது பிள்ளைகளுக்கு ஒரு டீச்சர் வரவேண்டும் என்றும் அப்போதே வேண்டிக்கொண்டேன்.

லீவு முடிந்து மாட்டினால் பிள்ளைகளுக்குத் தலை சுற்றுகிறது. கடல் சாய்கிறது, தரை நழுவுகிறது. தலைமையாசிரியர் போன் போட்டார், மறுநாளே தினேஷ் தம்பி மலையேறி வந்தார். கரண்டு சரியில்லை என்றார், நெட் இல்லை என்றார், பனி என்றார். மூன்று நாள் தங்கி வைத்தியம் பார்த்தார். கண்ணாடிக்குச் சளி பிடித்தால் சென்னையிலிருந்து மறுநாளே ஆள் வருகிறது. அறிவியல் டீச்சர் நாற்காலி காலியாகி மூன்று மாதம் தாண்டியும் பக்கத்து ஊரிலிருந்து ஒரு ஆள் வரவில்லை. மூன்றாம் நாள் முருகனை நினைத்துக்கொண்டு அவரிடம் சந்தனத்தைக் காட்டினேன். ஸ்பிரிட் போட்டுத் துடைத்ததும் எல்லாம் சரியாகிவிட்டது. அந்தத் தம்பி கோபப்படவில்லை. தலையில் கை வைத்துக்கொண்டு சொன்னார்: "அம்மா, நமக்குத்தான் அது நெத்தி. இதுக்கு அதுதாங்க கண்ணு."

இதயத்துக்குள்ளே

பொய் சொல்லக்கூடாது. ஒருநாள் யாரும் இல்லாதபோது நானும் மாட்டிப் பார்த்தேன். இதயத்துக்குள் நடந்து போகிற பாடம். சுற்றிலும் சிவப்புச் சுவர், அது சுருங்கி விரிகிறது, காதுக்குள் தொம் தொம் என்று சத்தம். எட்டாவதோடு நின்றவள் நான். இப்படி ஒன்றை எனக்குள் வைத்து ஐம்பத்து நாலு வருஷமாக ஆண்டவன் நிறுத்தாமல் ஓட்டுகிறானே என்று கைகூப்பி நின்றுவிட்டேன். கோயிலில் நிற்பதுபோலத்தான் இருந்தது. அந்தக் கண்ணாடியை நான் குறை சொல்லவில்லை. அதைக் கொண்டுபோய் டீச்சர் நாற்காலியில் உட்காரவைத்தவர்களைத்தான் சொல்கிறேன்.

அரையாண்டுத் தேர்வில் கோகிலாவுக்கு அறிவியலில் முப்பத்தொன்று. ஃபெயில். மார்கழிக் குளிரில் அவளாகவே வந்து கண்ணாடி கேட்டு, அதே பாடத்தை ஐந்து தடவை பார்த்தாள். கழற்றிவிட்டு, "ரத்தம் எந்தப் பக்கம் உள்ள வருது, எந்தப் பக்கம் வெளிய போவுது ஆயாம்மா?" என்று என்னைக் கேட்டாள். கேட்க வேறு யாரும் இல்லாமல் என்னைக் கேட்டாள், அதுதான் எனக்குச் சுருக்கென்றது. படம் போட்டுப் பார்க்கலாமே என்று கரும்பலகைக்குப் போனால் சாக்பீஸ் இல்லை. ஆபீஸில் கேட்டதற்கு, கண்ணாடி வந்த பிறகுமா சாக்பீஸ் என்று பதில் வந்தது. கண்ணாடிக்குள் பேசுகிற குரலையே கேளேன் என்றேன். அவள் சொன்னாள்: "அது பாட்டுக்குப் பேசிக்கினு போவுது. நிறுத்துன்னா நிக்குது, புரியலன்னா அதுக்கு இன்னா பண்றதுன்னு தெரியல."

விருந்தாளிகள் வந்த நாள்

தை மாசம் கம்பெனியிலிருந்து ஒரு மேடம் வந்தார்கள், கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரு அதிகாரியும் வந்தார். வாசலில் கட்டிய பேனரில் 'ஆசிரியர் இல்லா வகுப்பறை' என்று பெரிதாக அச்சடித்திருந்தது. நான் மட்டும்தான் அதை வெட்கக்கேடு என்று படித்தேன்போலிருக்கிறது, மற்றவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

கோகிலாவுக்கு ஒரு பக்கப் பேச்சு எழுதி மனப்பாடம் செய்ய வைத்திருந்தார்கள். சடையை அவிழ்த்து நான்தான் கண்ணாடி மாட்டிவிட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள், கண் மூடிய பிள்ளை சத்தம் எந்தப் பக்கம் என்று தெரியாமல் சுவரைப் பார்த்துக் கும்பிட்டாள். கழற்றியதும் மேடம், "உள்ள என்னம்மா பார்த்தே?" என்று அன்பாகக் கேட்டார்கள். "எல்லாம் செவப்பா, அழகா இருந்துச்சுங்க." அது எப்படி வேலை செய்கிறது என்று புரிந்ததா என்று அடுத்த கேள்வி. மனப்பாடம் செய்ததில் அது இல்லை. தலைமையாசிரியர் மேடத்துக்குப் பின்னால் நின்று 'ஆமாம் சொல்லு' என்று தலையாட்டிக் காட்டினார். இவள் அந்த மேடத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள்: "புரியலீங்க. அஞ்சு வாட்டி உள்ள போய்ட்டு வந்தேன். வெளிய வந்தா கேக்க ஆளு இல்லீங்க."

இரண்டாவது இழுப்பறை

தலைமையாசிரியர் சிரித்தார், பிள்ளை பயந்துவிட்டது என்றார். அதிகாரி சிரிக்கவில்லை. அறிவியலுக்கு யார் என்று கேட்டார். நம் ஆள் கறுப்புப் பெட்டியைக் கை காட்டினார். "அது சரி, போஸ்டுக்கு ஆள் கேட்டு எழுதினீங்களா?" "கேட்டிருக்கோம் சார்." "லெட்டர் காப்பி இருக்கா?" "தேடி எடுக்கணும் சார், பழசு."

கேட்டதை எடுத்துக் கொடுப்பதுதானே என் வேலை. எடுத்துக் கொடுத்தேன். எங்கே தேடுவது என்று நான் யோசிக்கவே இல்லை. மேஜைக்குப் போய், இரண்டாவது இழுப்பறையைத் திறந்து, கடிதத்தை முந்தானையால் துடைத்து அதிகாரி கையில் வைத்தேன். காப்பி இல்லை, அசல். கைநாட்டு மை கூடக் கலையவில்லை. பதினேழு கைநாட்டும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தன. அவர் ஆனி மாசத் தேதியைப் படித்தார், பேனரைப் பார்த்தார், மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வண்டிகள் மலை இறங்கிய பிறகு தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை. அன்றைக்கும் குரலை உயர்த்தவில்லை. கையை மட்டும் நீட்டினார்: "சாவிக்கொத்து இன்னியிலேர்ந்து எங்கிட்டவே இருக்கட்டும்மா. உங்களுக்கு எதுக்குப் பாரம்."

இப்போது மாசி. கச்சிராயபாளையம் பக்கமிருந்து ஒரு அறிவியல் டீச்சர் செவ்வாயும் வியாழனும் மலைக்கு வருகிறார். கோகிலா கேள்வியெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, பஸ் நிற்கிற இடத்திலேயே அவரைப் பிடித்துக்கொள்கிறாள். ரத்தம் எந்தப் பக்கம் போகிறது என்பது இப்போது எனக்கே தெரியும். ஆனால் வாரத்தில் இரண்டு நாள் போதாது. பாதிப் புத்தகம் மீதி இருக்கிறது, பங்குனியில் பரீட்சை. நான் சாமியிடம் சொல்லியாகிவிட்டது, உங்களிடமும் சொல்லிவிடுகிறேன்.

பதினெட்டுக் கண்ணாடி வழியாக உலகத்தையே காட்டிய எங்கள் பள்ளிக்கூடத்தில் எட்டு மாசமாக யார் கண்ணுக்கும் தெரியாமல் இருந்தது ஒரு காலி நாற்காலிதான். அறிவியல் படித்தவர்கள் யாராவது சனிக்கிழமை காலை வெள்ளிமலை பஸ்ஸில் ஏறினால், வரும்போது ஒரு டப்பா சாக்பீஸ் வாங்கி வாருங்கள்.