தனிப் பீங்கான்

நெய்ச்சோற்றின் ஆவியோடு சாம்பிராணிப் புகையும் கடற்காற்றின் உப்பும் கலந்து ஏறுகிற ஒரு வாசனை உண்டு; எங்காவது ஒரு கல்யாண வீட்டில் அது தற்செயலாக மூக்கைத் தொட்டுவிட்டால், பசியெடுக்க வேண்டிய நேரத்தில் நான் பந்தியை விட்டு எழுந்துவிடுகிறேன். என்னுடைய பத்தாவது வயதை ஒட்டிய காலம் முழுவதும் அந்த வாசனைக்குள்தான் கிடக்கிறது.

கிழக்கிலங்கைக் கரையில், எங்கள் பக்கத்து முஸ்லிம் ஊர்களில் விருந்து என்றால் 'சஹன்' சாப்பாடுதான். அகன்ற வட்டத் தட்டில் சோற்றைக் குவித்து, நடுவே இறைச்சியை வைத்து, ஐந்தாறு பேர் பாயில் சுற்றியிருந்து ஒரே தட்டில் கைவைத்துச் சாப்பிடுவார்கள். தனக்கு நேரே உள்ள சோற்றைத்தான் எடுக்க வேண்டும், நல்ல துண்டு அகப்பட்டால் பக்கத்தில் இருப்பவர் பக்கம் தள்ளிவிட வேண்டும் என்பதெல்லாம் யாரும் சொல்லித்தராமலே எங்களுக்கு வந்துவிடும். ஒரு மனிதனோடு ஒரே சஹனில் இருந்தவன் பிறகு அவனைத் தெரியாதவன்போல நடக்க முடியாது என்றுதான் அந்த வயதில் நான் நம்பியிருந்தேன்.

எழுபத்தெட்டுச் சூறாவளி எங்கள் ஊரைப் புரட்டிப் போட்டபோது என் வாப்பாவின் தறியும் ஆதம்பாவா சாச்சாவின் தறியும் ஒரே கொட்டிலுக்குள் நசுங்கின. வாப்பாவுக்குக் கூடப்பிறந்த தம்பி இல்லை. வேலிக்கு அந்தப் பக்கத்து வளவில் இருந்த ஆதம்பாவா சாச்சாதான், வாப்பாவைக் 'காக்கா' என்று அண்ணன் முறை சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு, அந்த இடத்தில் இருந்தார். இரண்டு பேரும் சேர்ந்து கொட்டிலை மறுபடி போட்டார்கள், பக்கத்தில் பக்கத்தில் தறிபூட்டினார்கள், தறிச் சத்தத்துக்கு மேலால் ஒருவரையொருவர் நையாண்டி பண்ணிக்கொண்டே பகல் முழுவதும் நெய்தார்கள். ஆனாலும் சூறாவளிக்குப் பிறகு ஆட்களுடைய மனம் பழையபடி நிற்கவில்லை. மேகம் கறுத்தாலே பெண்கள் பிள்ளைகளைக் கூட்டி அணைத்துக்கொண்டார்கள். அந்தப் பயத்தினூடாகத்தான், நாங்கள் 'செய்கு' என்று அழைத்த அந்த ஞானகுரு எங்கள் ஊருக்குள் வந்தார்.

அவர் வெளியூர்க்காரர். கடற்கரைப் பக்கம் தென்னங்கிடுகால் வேய்ந்த ஒரு மண்டபத்தில் தங்கினார். அதை நாங்கள் 'தக்கியா' என்றோம். ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதுவது நியாயமாகாது: அவர் எங்களோடு அன்பாக இருந்தார். ஒருதரம் கேட்ட பெயரை மறக்கமாட்டார். யாருடைய பிள்ளை காய்ச்சலில் கிடந்தது, யாருடைய மாடு வெள்ளத்தில் போனது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். எங்கள் குடும்பத்தில் எழுத்து வாசிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். என்ன பாடம் படிக்கிறாய் என்று எங்கள் வீட்டில் யாரும் என்னைக் கேட்டதில்லை, கேட்கவும் அவர்களுக்குத் தெரியாது. செய்குதான் என் தலையில் கைவைத்து அதைக் கேட்டார். அன்றைக்கு வீடுவரை ஓடியே வந்தேன்.

கிழமைக்கொருதரம் பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு தக்கியாவில் இறைவன் பெயரைக் கூடிச் சொல்லும் திக்ரு நடக்கும், அது முடிய சஹன் வைக்கப்படும். அதற்கு முன்னால் ஒவ்வொருவரும் தனித்தனியாக அவரிடம் போய், மனதில் இருப்பதை மிச்சம் வைக்காமல் சொல்லிவிட்டு வர வேண்டும். அதற்குக் 'கழுவல்' என்று பெயர். வாப்பாவும் ஆதம்பாவா சாச்சாவும் ஆரம்பத்தில் அங்கிருந்து முகம் தெளிந்து திரும்புவார்கள். பிறகு மெல்ல மெல்ல ஒவ்வொன்றாக வந்தது. செய்குவின் கூட்டத்தில் இல்லாதவர்களின் வீட்டில் கை நனைக்க வேண்டாம் என்றார்கள். பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முன்னர் செய்குவிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொன்னார்கள். நல்லது நடந்தால் அது செய்கு இறைவனிடம் கேட்ட துஆ, கெட்டது நடந்தால் அது நம்முடைய குறை என்று ஆனது. வந்தவை எல்லாம் சின்னச் சின்ன விஷயங்களாக இருந்தபடியால், எந்த இடத்தில் நின்று 'மாட்டோம்' என்று சொல்லியிருக்க வேண்டும் என்பதை இன்றைக்கும் என்னால் காட்ட முடியவில்லை.

ஒருநாள் திக்ரு முடிந்ததும் செய்கு கண்ணை மூடிக்கொண்டு, எங்கள் வீட்டு வளவில் ஒளி இறங்கக் கண்டதாகச் சொன்னார். தக்கியா அங்கேதான் அமைய வேண்டுமாம்; வீட்டையும் வளவையும் அதற்கு விட்டுக்கொடுக்க வேண்டுமாம். சபையே எழுந்து வந்து வாப்பாவைக் கட்டிப்பிடித்தது. வாப்பா அழுதார், நானும் பெருமையில் அழுதேன்.

எங்கள் பகுதியில் வீடு பெண்பிள்ளைக்கு உரியது. கல்யாணம் முடிக்கிற ஆண் பெண்ணின் வீட்டுக்கு வந்துதான் குடியிருப்பான். அப்படி வந்தவர்தான் வாப்பாவும். அந்த வீடு உம்மாவுக்கு அவவின் உம்மா கொடுத்தது, அடுத்து மூத்த மகளான என் ராத்தாவுக்குப் போக வேண்டியது. ராத்தாவுக்கு அப்போது கல்யாண வயது நெருங்கிக்கொண்டிருந்தது. வாப்பா செய்தியைச் சொன்னபோது உம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தா. கையை எடுக்காமலே சொன்னா:

"ஊடு என்ட பேருலதான் இரிக்கி. ஆனா என்டயில்ல, புள்ளட. புள்ளட சாமானத் தூக்கிக் குடுக்க நான் ஆரு?"

மறுகிழமை வாப்பா இதைத் தலை குனிந்தபடி சபையில் சொன்னார். செய்கு கோபிக்கவில்லை. கண்ணீர் விட்டார். அவர் அழுததைக் கண்டு வயது போன ஆண்களெல்லாம் விம்மினார்கள். பிறகு அவர் மெதுவாகச் சொன்னார்: "நம்மட சஹன்ல ஒரு கைக்கி நோய் வந்திரிக்கி. சுகமாகுமட்டும் அது தனியச் சாப்பிடட்டும். இது தண்டனை இல்ல, மருந்து."

நீலக் கரை போட்ட ஒரு இனாமல் பீங்கானில், ஒராள் மட்டும் சாப்பிடுகிற தட்டில், வாப்பாவுக்குத் தனியாகச் சோறு வந்தது. சீமெந்துத் தரையில் அதை வைத்த சத்தம் மண்டபம் முழுவதும் கேட்டது. தூணோரமாக, எல்லாருக்கும் முதுகு காட்டி அவர் இருக்க வேண்டும். அவரோடு யாரும் கதைக்கக் கூடாது, அவருக்கு ஸலாம் சொல்லக் கூடாது, அவர் சொன்னாலும் பதில் சொல்லக் கூடாது. என்னை வழக்கம்போல சஹனில் இருத்தினார்கள். எனக்கு நேரே இறைச்சித் துண்டுகளைத் தள்ளினார்கள், அன்றைக்கு வழமையைவிடக் கூடுதலாகத் தள்ளினார்கள். வாப்பாவின் முதுகைப் பார்த்துக்கொண்டு நான் அதை விழுங்கினேன்.

வாப்பா ஏன் திரும்பத் திரும்ப அங்கே போனார் என்று இப்போது என் வயதுப் பிள்ளைகள் கேட்கிறார்கள். போகாமல் அவர் எங்கே போவார்? கூட்டத்துக்கு வெளியே இருந்த ஆட்களை எல்லாம் ஏற்கெனவே கைவிட்டாயிற்று. உள்ளே இருந்தவர்கள் அவரைக் காண்பதில்லை. கொட்டிலில் ஆதம்பாவா சாச்சாவின் தறி ஓடும், வாப்பாவின் தறி ஓடும். இடையில் வார்த்தை இல்லை. நூல் அறுந்தால்கூட ஒருவரையொருவர் உதவிக்குக் கூப்பிடாமல் தாங்களே இறங்கி முடிச்சுப் போட்டார்கள். பிறகு வாப்பாவின் தறி அடிக்கடி நின்றுபோனது. தெருவில் யாராவது எதிரே வந்தால், அவர்களுக்குச் சங்கடம் வேண்டாம் என்று அவரே வேலியோரம் திரும்பி நின்றுகொள்வார். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் அவர் அப்படி வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றதை ஒருநாள் கண்டேன். வந்துகொண்டிருந்தது நான்தான். என் காலடிச் சத்தத்துக்குத்தான் அவர் திரும்பி நின்றிருந்தார்.

அதை உம்மாவிடம் சொன்னேன். அன்று பின்னேரம் உம்மா வாப்பாவுக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு முன்னால் உட்கார்ந்தா.

"போய்ச் சொல்லுங்க, ஊட்ட எடுக்கச் சொல்லுங்க. ஊட்டுக்க மனிசன் இல்லாம ஊடு மட்டும் என்னத்துக்கு?"

ராத்தா கதவுக்குப் பின்னால் நின்றது எங்களுக்குத் தெரியும். அவ வெளியே வந்தா. ஏற்கெனவே பெருக்கியிருந்த முற்றத்தை விளக்குமாறு எடுத்துப் போய் மறுபடி பெருக்கினா.

அடுத்த கூடுகையில் வாப்பா உம்மாவின் சம்மதத்தைச் சொன்னார். செய்கு எழுந்து வந்து அவரை மார்போடு அணைத்தார். சபை நபிமேல் சலவாத்துச் சொன்னது. வாப்பாவைத் தன்னுடைய சஹனிலேயே இருத்தி, முதல் கவளத்தைச் செய்கு தன் கையால் ஊட்டினார். வாப்பா வாயைத் திறந்து அதை வாங்கிக்கொண்டார். என் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோசமான நேரம் அதுவரை இருந்ததில்லை. வீடு போகப்போகிறது என்பதுகூட நினைவில் இல்லை.

அப்போதுதான் செய்குவின் உதவியாள் அந்த நீலக் கரைப் பீங்கானோடு உள்ளே வந்தார். அவர் நடக்க நடக்க ஒவ்வொரு சஹனிலும் பேச்சு அடங்கி, ஆட்கள் குனிந்துகொண்டார்கள். பீங்கான் ஆதம்பாவா சாச்சாவுக்கு முன்னால் வைக்கப்பட்டது. அவர் பீங்கானை எடுத்துக்கொண்டு எழுந்து தூணோரம் போய் இருந்தார்.

"ஆதம் என்ன செஞ்ச?" என்று வாப்பா கேட்டார்.

செய்கு சிரித்த முகத்தோடு, "உங்கட நோய் அவருக்கு ஒட்டிட்டு. ஒங்களுக்கு ஸலாம் சொல்லியிரிக்கார்," என்றார்.

கிணற்றடியில் ஆளில்லாத ஒரு நேரம் ஆதம்பாவா சாச்சா வாப்பாவுக்கு வாய்க்குள் ஸலாம் சொல்லியிருக்கிறார். அதை வேறு யாரும் காணவில்லை. கழுவலில் அவரே போய்ச் சொல்லியிருக்கிறார்.

"எனக்கு ஒரு ஸலாம் சொன்னதுக்கா?"

"சாப்பிடுங்க. இனி ஒங்களுக்கு அந்த யோசின வேணாம்."

வாப்பா படித்தவரல்ல, தர்க்கம் பேசுகிறவரும் அல்ல. அந்தக் கணத்தில் அவருக்கு என்ன விளங்கியது என்று நான் பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். அந்தப் பீங்கானில் எப்போதும் யாராவது ஒருவர் சாப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அது வெறுமையாகக் கிடந்தால் அந்த மண்டபம் நிற்காது என்பது விளங்கியிருக்கலாம். அல்லது அவ்வளவெல்லாம் இல்லாமல், தூணோரம் குனிந்திருந்த முதுகு எப்படி நோகும் என்பது மட்டும் தெரிந்திருக்கலாம். அவர் சோற்றுக் கையோடு எழுந்தார். மண்டபத்தைக் கடந்து போய் ஆதம்பாவா சாச்சாவுக்கு முன்னால் குந்தி, அந்தப் பீங்கானில் கை வைத்தார்.

சாச்சா பீங்கானைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"எழும்புங்க காக்கா," என்றார், நிமிர்ந்து பார்க்காமல். "என்னையும் கெடுத்துப் போடாதீங்க."

வாப்பாவின் கை அந்த இடத்தில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு எழுந்து, வெளியே வாளித் தண்ணீரில் கையைக் கழுவினார். நானும் எழுந்தேன். பக்கத்தில் இருந்தவர் என் முழங்காலைப் பிடித்து அழுத்தினார்; அவர் கையில் எண்ணெய் இருந்தபடியால் வழுக்கிவிட்டது. கடற்கரை மணலில் வாப்பாவும் நானும் வீட்டுக்கு நடந்தோம். வாசலில் நின்ற உம்மாவிடம், "புள்ளட ஊடு புள்ளைக்குத்தான்," என்று மட்டும் சொன்னார்.

ஆதம்பாவா சாச்சா இரண்டொரு கிழமையில் மன்னிப்புக் கேட்டு சஹனுக்குத் திரும்பினார் என்று கேள்விப்பட்டோம். தன் தறியைக் கழற்றி வேறிடத்துக்குக் கொண்டுபோகும்போது வாப்பா வெளியே வரவில்லை. அதன் பிறகு கொட்டிலில் ஒரு தறிதான் ஓடியது. கூட்டத்து ஆட்களுடைய கண்ணுக்கு நாங்கள் இருக்கவில்லை. மற்றவர்களுக்கு நாங்கள் இன்னும் கூட்டத்து ஆட்கள். பெருநாளைக்கு எங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை, உம்மா சுட்ட பலகாரத்தை நாங்களே தின்றோம். வகுப்பில் என்னோடு ஒரே வாங்குப் பலகையில் இருந்த பையன் இடம் மாறி இருந்தான். நான் வாசிக்கத் தொடங்கியது அந்தக் காலத்தில்தான், கதைக்க ஆளில்லாமல்.

சில வருசங்களில் செய்கு வந்த மாதிரியே போய்விட்டார், வேறொரு ஊருக்கு என்றார்கள். ஒரு விசாரணை இல்லை, கேள்வி இல்லை. மறுநாளிலிருந்து ஆட்கள் வாப்பாவுக்கு ஸலாம் சொல்லத் தொடங்கினார்கள், இடையில் ஒன்றுமே நடக்காததுபோல. ஒருவர்கூட மன்னிப்புக் கேட்கவில்லை.

போன வருசம், நான் படிக்கிற பல்கலைக்கழகத்தில் ஒரு நண்பன் தன்னுடைய குருவிடம் என்னைக் கூட்டிக்கொண்டு போனான். அவரும் என் பெயரைக் கேட்டு நினைவில் வைத்துக்கொண்டார். என் முகத்தில் ஒரு தனிமை தெரிகிறது என்றார். அது உண்மையாக இருந்தபடியால் அவருக்கு முன்னாலேயே நெடுநேரம் இருந்துவிட்டேன். திரும்பி வரும்போது நண்பனிடம் ஒன்றைத்தான் கேட்டேன்: "அவர்ட கூட்டத்துல இருந்து விலகிப்போன ஆரும் இரிக்காங்களா? அவங்களோட நீங்க கதைக்கிறீங்களா?" அவன் பேச்சை பஸ் வருகிற நேரத்துக்கு மாற்றினான். நான் மறுபடி போகவில்லை. நல்ல ஆசானையும் மற்றவனையும் அவர்களுடைய ஓதலிலோ கண்ணீரிலோ என்னால் பிரித்தறிய முடியாது. விட்டுப் போனவனை அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை மட்டும் பார்க்கிறேன்.

தக்கியா நின்ற இடத்தில் இப்போது தோணி இழுத்து வைக்கிறார்கள். கிடுகும் இல்லை, தூணும் இல்லை. கொட்டிலும் போய்விட்டது. ராத்தா அந்த வீட்டிலேயே கல்யாணம் முடித்து, பிள்ளை பெற்று இருக்கிறா. வாப்பா அவவின் முற்றத்தில் பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருப்பார். அவர் இன்றுவரை யாருக்கும் முந்தி ஸலாம் சொல்வதில்லை; சொன்னவருக்குப் பதில் சொல்வார், அவ்வளவுதான்.

போன விடுமுறையில் வாப்பாவும் நானும் கல்முனைச் சந்தைக்குப் போகும்போது ஆதம்பாவா சாச்சா எதிரே வந்தார். நன்றாக நரைத்துப் போயிருந்தார். சைக்கிளை விட்டு இறங்கி, முழுதாக, சத்தமாக ஸலாம் சொன்னார். வாப்பாவும் முழுதாகப் பதில் சொன்னார். சாச்சா என்னைப் பார்த்து, "மகன் படிக்கிறாராக்கும்," என்றார். "ஓம்," என்றார் வாப்பா. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பகல் முழுவதும் தறிச் சத்தத்துக்கு மேலால் கத்திக் கதைத்த அந்த இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு சாச்சா சைக்கிளில் ஏறினார், நாங்கள் சந்தைக்குப் போனோம்.