காலியாக வந்த முதல் கேள்வி

தெருவில் அவளைக் கண்டால் "'பத்துக்கு எத்தனை' வருதுடோய்" என்பார்கள். பட்டப்பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. மக்கள் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று பத்தொன்பது வருடமாக அரசாங்கத்துக்குக் கணக்கெடுத்துக் கொடுக்கிறவள். "பத்துப் படி ஏணின்னு வச்சுக்குங்க. உச்சிப்படின்னா ரொம்ப நல்ல வாழ்க்கை. நீங்க எந்தப் படியில நிக்கிறீங்க?" இதுதான் முதல் கேள்வி. "ஏதோ ஓடுது" என்று மழுப்புகிறவர்களிடமும் நைசாகப் பேசி ஓர் எண்ணைக் கறந்துவிடுவாள்.

வேலைக்கு இரண்டு சட்டம். கேட்கும்போது பக்கத்தில் வீட்டு ஆட்கள் யாரும் இருக்கக் கூடாது. மாமியார் காதில் விழும்படி எந்த மருமகள் மூன்று என்பாள்? அடுத்தது, என்ன எண் வந்தாலும் முகம் மாறக் கூடாது, ஏன் என்று கேட்கவே கூடாது. ஒருமுறை ஒருத்தி பூஜ்யம் என்று சொல்லிவிட்டு இவள் முகத்தையே பார்த்தாள். இவள் அடுத்த கேள்விக்குப் போனாள். அன்று சோறு இறங்கவில்லை. அப்புறம் பழகிவிட்டது. இதெல்லாம் பழகக் கூடாது என்பது என் கட்சி. என்னை யார் கேட்டார்கள்?

எந்தெந்த வீட்டில் கேட்பது என்று போடும் குலுக்கலில் இந்த வருடம் அவள் வீட்டு எண்ணே விழுந்தது. சொந்த வீட்டில் அவள் கேட்க முடியாது. கூட வேலை பார்க்கும் கண்ணாடிக்காரி தாளோடு வந்தாள். சட்டப்படி இவள் மாடிப்படியில் போய் உட்கார்ந்தாள். உள்ளே கணவர். பஸ் பட்டறையில் முப்பது வருடம் ஸ்பானர் பிடித்துவிட்டுப் போன வருடம் ஓய்வு பெற்றவர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருப்பார். தினமும் காலையும் மாலையும் கருவிப்பெட்டியைத் திறந்து, எல்லாவற்றையும் துடைத்து, மூடி வைப்பார்.

'எட்டு சொல்வார். போனால் ஏழு' என்று மனக்கணக்குப் போட்டாள்.

மறுநாள் அலுவலகத்தில் கண்ணாடிக்காரி அவளைத் தனியே கூப்பிட்டாள். "அக்கா, தப்பா நினைக்காதீங்க. மத்த எல்லாத்துக்கும் பதில் சொன்னார். முதல் கேள்விக்கு மட்டும் மாட்டேன்னுட்டார்."

"ஏனாம்?"

"'ஊர்ல அத்தனை பேரையும் கேக்கிறா, என்னை ஒரு நாளும் கேட்டதில்லை. அவ கேட்டா சொல்றேன்'னார்க்கா."

கோபம்தான் முதலில் வந்தது. வீட்டு விஷயத்தை ஊர் சிரிக்க வைத்துவிட்டாரே! பிறகு, அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்று உறைத்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

சாயங்காலம் அவர் கருவிப்பெட்டியைத் திறந்து வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். தோள்பையைக்கூடக் கழற்றாமல் அவர் எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டாள். வேறு எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை.

"பத்துப் படி ஏணின்னு வச்சுக்குங்க..."

அவர் முழுதும் கேட்டுவிட்டு, "மூணு" என்றார்.

பழக்கதோஷத்தில் அடுத்த கேள்வி அவள் நாக்கு நுனிக்கு வந்தது: வீட்டில் குழாய்த் தண்ணீர் தினமும் வருகிறதா? அதை விழுங்கினாள்.

"ஏங்க?" என்றாள்.

அவர் கருவிப்பெட்டியை மூடினார். "சொல்றேன். உனக்கு ஒண்ணும் அவசரம் இல்லையே?"

இல்லை என்று தலையாட்டி, பையைக் கழற்றிக் கீழே வைத்தாள்.