மூன்றாம் பாட்டில் விட்ட இடம்

காது பரிசோதனை நிலையத்தில் அவளுக்கு வேலை. ஒலி புகாத சின்ன அறைக்குள் ஹெட்போன் மாட்டி ஒருவர் உட்கார்ந்திருப்பார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இவள் ஒலியை மெல்ல மெல்லக் குறைப்பாள். கேட்கும்போதெல்லாம் அவர் பொத்தானை அழுத்த வேண்டும். கேட்காமலே அழுத்துகிறவர்களும் உண்டு. அவர்களை அவள் பொய்யர்கள் என்று சொன்னதில்லை, பயந்தவர்கள் என்பாள்.

ஒரு வாரப் பத்திரிகையில் இசை விமர்சனமும் எழுதிவந்தாள். யாருக்கும் முழு மதிப்பெண் கொடுத்ததில்லை என்பதால் 'அரை மார்க்' என்று பெயர் வாங்கியிருந்தாள். கணவர் ஒரு ராக் குழுவில் பேஸ் கிடார் வாசிப்பவர். அந்தக் குழுவைப் பற்றி மட்டும் அவள் எழுதுவதில்லை. "காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சும்பாங்க. அண்ணி அந்தக் காக்கா சாதியே இல்ல" என்பான் குழுவின் பாடகன்.

குழுவின் முதல் மேடைப் பதிவு ஆல்பமாக வெளிவர இருந்தது. அந்தக் கச்சேரியில், மூன்றாவது பாட்டின் நடுவே கணவரின் இடக்கை விரல்கள் மடங்க மறுத்துவிட்டன. ஒரு வரி முழுக்க பேஸ் இல்லை. அந்த இடத்தை மட்டும் ஸ்டுடியோவில் வாசித்து ஒட்டிவிடலாம் என்றார்கள் மற்றவர்கள். எல்லாரும் செய்வதுதான். ஐம்பதைத் தாண்டிய அவருக்கு அதைவிடப் பெரிய கேள்வி இருந்தது. பதிவை மனைவியிடம் கொடுத்தார்.

"கேட்டுட்டுச் சொல்லு. இத்தோட நான் விலகிக்கணுமா? பொண்டாட்டியா சொல்ல வேணாம்."

"பின்ன?"

"அரை மார்க்கா சொல்லு."

மறுநாள் மதிய இடைவேளையில், நோயாளிகள் உட்காரும் நாற்காலியில் அவளே உட்கார்ந்து கேட்டாள். இரண்டாவது பாட்டில் பேஸ் சுத்தமாக இருந்தது. ஒவ்வொரு சுரமும் சொன்ன இடத்தில் விழுந்தது. ஏனோ அவளுக்குப் பிடிக்கவில்லை. மூன்றாவதில் அந்த இடம் வந்தது. காலுக்கடியில் தரை விலகியதுபோல் பாட்டு ஒரு கணம் தடுமாறியது. டிரம்ஸ்காரர் அவசரப்படாமல் தாளத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். கூட்டம் கைதட்டிச் சமாளித்தது. பிறகு பேஸ் உள்ளே வந்தது. மன்னிப்புக் கேட்கும் தொனி அதில் இல்லை. அவள் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். சாப்பாட்டு டப்பா திறக்கப்படவே இல்லை.

மாலையில் அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். அவள் எதிரில் உட்கார்ந்து பாதியை எடுத்துக்கொண்டாள்.

"மூணாவதுல விட்டது தப்புதான். நல்லாவே தெரியுது."

அவர் தலையாட்டினார்.

"ஆனா ரெண்டாவது அதைவிட மோசம்."

"அதுல ஒரு தப்பும் இல்லையே."

"தப்பு வந்துடுமோன்னு பயந்து பயந்து வாசிச்சிருக்கீங்க. மூணாவதுல விழுந்துட்டு எழுந்து வந்தீங்க பாருங்க, அதுக்கப்புறம் பயமே இல்ல. அப்படி வாசிக்கிற ஆள் எதுக்கு விலகணும்?"

அவர் சட்டையின் கையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். எத்தனை மார்க் என்று கேட்டார். வீட்டு ஆளுக்கெல்லாம் மார்க் போடுவதில்லை என்று சொல்லிவிட்டு, அவருடைய இடக்கையை இழுத்துத் தன் மடியில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக நீவி மடக்கினாள்.

மற்றக் கையால் போனை எடுத்து அவர் பாடகனைக் கூப்பிட்டார். மூன்றாவது பாட்டு இருந்தபடியே இருக்கட்டும், இரண்டாவதை எடுத்துவிடுங்கள் என்றார். இருப்பதிலேயே சுத்தமான பாட்டு அதுதானே, அண்ணி சொன்னாங்களா என்று அவன் பதறினான்.

"நான்தான் சொல்றேன்" என்றார். "ஞாயித்துக்கிழமை ஒத்திகை எத்தன மணிக்கு?"