பைக்கில் நடந்த பதினோராயிரம் அடிகள்

திருமங்கலத்திலிருந்து மதுரைக்குத் தினமும் பைக்கில் வேலைக்குப் போய்வருகிறேன். சாயங்காலம் என் சட்டைப் பையிலிருக்கும் போன், பதினோராயிரம் அடி நடந்ததாகக் காட்டும். அடுப்படி மேடையிலேயே கிடக்கும் மனைவியின் போன் முந்நூறுதான் காட்டும்.

“நாள் பூரா இம்புட்டுத்தான் நடந்திருக்க பாரு” என்று ஏசி, மூட்டுவலியோடு அவளை மொட்டை மாடியில் நடக்கவிட்டேன்.

போனுக்குப் பேட்டரி மாற்றப் போன கடையில்தான் விஷயம் தெரிந்தது. “அண்ணே, வண்டி குலுங்குறதையும் இது அடியாத்தான் எண்ணும். ஓட்டுறப்ப அடி எண்ணுறத நிப்பாட்டி வைங்க” என்றார் கடைக்காரர்.

மறுநாள் நிறுத்திவைத்தேன். அவளையும் போனை இடுப்பில் செருகிக்கொள்ளச் சொன்னேன். சாயங்காலம் எனக்கு எழுநூறு, அவளுக்கு ஒன்பதாயிரம்.

“ஒன் போன் தப்பாக் காட்டுது” என்றேன்.

அவள் அதை நம்பி, முழங்காலைப் பிடித்துக்கொண்டே மாடியேறினாள். இன்றும் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தால் காறித் துப்பத் தோன்றுகிறது.