ஆறு வாரம் துப்பிய தேநீர்

குடியை விடுவதற்காகக் கூடுகிறவர்களின் கூட்டத்தில் கொடுக்கும் தேநீரில் மருந்துப் பொடி கலந்திருக்கும் என்று நான் மனதார நம்பினேன். அந்தப் பொடி உள்ளே போனபிறகு ஒரு சொட்டுச் சாராயம் பட்டாலும் ரத்தமாக வாந்தியெடுத்து விழுந்துவிடுவோமாம். இதைச் சொன்னவர் சாராயக் கடைக்காரர். இந்த விஷயத்தில் அவரைவிட விவரம் தெரிந்தவர் மூணாறில் யார் இருக்கப்போகிறார்கள் என்று நானும் எடுத்துக்கொண்டேன்.

எழுபதுகளின் நடுவில் மூணாறுக்கு மேலே ஒரு தேயிலை ஃபாக்டரியில் கொழுந்தைச் சுருட்டும் ரோலர் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் மெஷின் ஓடும்போதே அதன் பக்கத்தில் சாய்ந்து தூங்கிவிட்டேன். ஃபாக்டரிக்குப் பொறுப்பான டீ மேக்கர் கூப்பிட்டு மூன்று மாதத் தவணை கொடுத்தார். அதற்குள் இன்னொரு முறை குடித்துவிட்டு வந்தால் வேலை போகும். வேலை போனால் தொழிலாளர்களுக்கு எஸ்டேட் கொடுத்த வரிசை வீடுகளில், லயத்தில், எங்கள் வீடும் போகும். மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள், நான். என் அப்பா பிறந்ததே அந்த லயத்தில்தான். திரும்பிப்போக எங்களுக்கு வேறு ஊர் கிடையாது.

கூட்டத்தைக் கண்டுபிடித்தவள் மனைவி. கொழுந்து எடுக்கும் இடத்தில் விசாரித்திருக்கிறாள்.

"ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு, சர்ச்சுக்குப் பின்னால ஒரு ரூமாம். எல்லாம் குடிய விட்டவங்கதானாம்."

"நான் இன்னும் விடலையே. என்னைய எப்படிச் சேப்பாங்க?"

"சேக்கலன்னா வந்து சொல்லுங்க. சாமான் சட்டியக் கட்ட ஆரம்பிக்கேன்."

போய்த் தலையைக் காட்டுவது, திரும்பும் வழியில் அளவாக ஒரு கிளாஸ் போடுவது, இதுதான் என் திட்டம். வழி கேட்டால் விஷயம் வெளியே தெரிந்துவிடுமே என்று யாரிடமும் கேட்காமல் சர்ச்சை மூன்று முறை சுற்றினேன். நான்காவது சுற்றில், பின்பக்கப் படியில் நின்ற ஒருவர் கூப்பிட்டார். மாட்டுப்பட்டிப் பால் பண்ணையில் லாரி ஓட்டுகிறவர் என்று பிறகு தெரிந்தது.

"அண்ணாச்சி, மொத நாளு நான் அஞ்சு சுத்து சுத்துனேன். உள்ள வாங்க, சாயா ஆறுது."

சாயா என்றதும் பொடிதான் கண்முன் நின்றது. உள்ளே எட்டுப் பேர், ஆளுக்கொரு டம்ளர். ஒன்பதாவது டம்ளர் என் கைக்கு வந்தது. ஃபாக்டரியில் டீ ருசி பார்ப்பவர்கள் உறிஞ்சி, வாயில் புரட்டி, துப்பிவிடுவார்கள். அது நினைவுக்கு வந்தது. சத்தமாக உறிஞ்சி, ஜன்னல் வழியாகத் துப்பினேன்.

"தப்பா நெனைக்காதீங்க. ஃபாக்டரி ஆளு, நாங்க முழுங்கிப் பழக்கமில்ல. தூளு கொஞ்சம் பழசு."

ஃபாக்டரியில் என்னை ருசி பார்க்க யாரும் கூப்பிட்டதில்லை. மெஷினுக்குக் கிரீஸ் போடத்தான் கூப்பிடுவார்கள்.

அன்று சாராயக் கடைப் படிவரை போனேன். அங்கே சந்தேகம் வந்தது: நாக்கடியில் ஒரு சொட்டு தங்கியிருந்தால்? வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். பொடி எத்தனை நாள் உடம்பில் நிற்கும் என்று கேட்கவும் பயம். அந்த வாரம் முழுக்க அப்படியே போயிற்று.

சாயா போடுகிறவர் அந்த லாரிக்காரர்தான். அடுத்த வாரம் புதுத் தூள் வாங்கி வந்தார். கொதி அதிகம் என்றேன். மூன்றாவது வாரம், பாலில் தண்ணீர் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது.

"பாலச் சொல்லாதீங்க அண்ணாச்சி. பண்ணையிலேருந்து நானே கொண்டாந்தது."

நான்காவது வாரம் என்னைப் பேசச் சொன்னார்கள். மெஷினோரம் தூங்கிய கதையை, குறட்டையோடும் டீ மேக்கர் குரலோடும் நடித்துக் காட்டினேன். லயத்தில் இதைச் சொன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். இங்கே ஒருவரும் சிரிக்கவில்லை. லாரிக்காரர் மட்டும் மெதுவாகக் கேட்டார்:

"கை எங்க இருந்துச்சு?"

வலது கை, ஓடுகிற ரோலருக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கே சொல்லிக்கொண்டதில்லை. இப்போது சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான். அன்று லயத்துக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் சாராயக் கடையைத் தாண்டி வந்ததே நினைவுக்கு வந்தது.

ஆறாவது வாரம் லாரிக்காரர் பொறுமை இழந்தார். "எத்தன தூளு மாத்துனாலும் துப்புறீங்க. அடுத்த வாரம் நீங்களே போடுங்க."

அடுத்த ஞாயிறு முன்கூட்டியே போய் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்தேன். தூள், சீனி, சுக்கு. சுக்கை மூன்று முறை முகர்ந்தேன். கடைசியில் லாரிக்காரரிடம் கேட்டேவிட்டேன்:

"அந்த மருந்துப் பொடிய எங்க வச்சிருக்கீங்க?"

விஷயம் புரிந்ததும் அவர் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். "அதுக்காகவா துப்புனீங்க? நான் மூணு கடை மாறுனேனே." பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "அப்ப ஆறு வாரமா எப்படிக் குடிக்காம இருந்தீங்க?"

"மொத வாரம் பயம். அப்புறம் தெரியல."

"எனக்கும் தெரியல" என்று அடுப்பைப் பற்றவைத்தார். அன்று ஒன்பது பேருக்கும் நானே போட்டேன். என் டம்ளரை முழுதாகக் குடித்தேன்.

தவணை முடிந்த அன்று டீ மேக்கர் கூப்பிட்டார். திங்கட்கிழமையிலிருந்து பகல் ஷிஃப்ட் என்றார். நாங்கள் வீட்டைக் காலி செய்யவில்லை.