மீனின் காதுக்கற்கள்

எண்பதுகளின் கடைசியில், ஸ்கொட்லாந்தின் வடகரையில் இருந்த ஒரு பல்கலைக்கழகத்தில் மீன்வளமும் கடலியலும் கற்பிக்கும் பள்ளியில் நான் ஆராய்ச்சி மாணவனாக இருந்தேன். லண்டனில் எனக்கென்று இருந்த ஒரே வீடு அக்காவினுடையது, பிளேஸ்டோவில். அத்தான் பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை செய்தார். அவருடைய அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வரவில்லை.

நான் படிக்கிறேன் என்பதையே அத்தான் நம்பவில்லை. டொக்டருக்குப் படிப்பது தெரியும், எஞ்சினியருக்குப் படிப்பது தெரியும். மீனைப் படிக்க ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது என்றால், அது எதையோ மறைக்கச் சொல்லும் கதை என்றே நினைத்தார். முதல் விடுமுறையில் என் மாணவர் அட்டையை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, பின்பக்கமும் பார்த்துவிட்டுத் தந்தார். அடுத்த முறை, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, மீன் எப்படித் தூங்கும் என்று கேட்டார். நான் சொன்ன பதிலைச் சரிபார்க்க அவருக்கு வழி இல்லை. அதுவும் என் கணக்கில் ஒரு சந்தேகமாகச் சேர்ந்தது.

அவர் பயத்துக்குக் காரணம் இருந்தது. பக்கத்து ஊரான பார்க்கிங்கில் அவருடைய நண்பர் ஒருவர் தன் வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விட்டிருந்தார். வாடகைக்கு வந்தவனின் பெட்டியில் பொலிஸ் எதையோ கண்டெடுத்து, வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போனது. எதைக் கண்டெடுத்தார்கள் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. தெரியாததால்தான் எல்லோரும் அதைப் பற்றியே பேசினார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் என் பேராசிரியர் லண்டனில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எனக்கு நல்ல நுண்ணோக்கி ஏற்பாடு செய்து தந்தார். நான் ஹெரிங் மீனின் வயதைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தேன். நம்முடைய சாளைக்கு உறவான மீன் அது. மீனின் தலைக்குள், காதின் இடத்தில், சின்ன வெள்ளைக் கற்கள் உண்டு. மரத்தில் வளையம் விழுவதுபோல அவற்றில் ஆண்டுக்கொரு வளையம் விழும். மீன்பிடிக் கப்பல்களில் வாந்தி எடுத்தபடி, விறைத்த விரல்களால் ஒவ்வொரு தலையாகப் பிளந்து எடுத்த கற்கள் அவை. பருப்பைவிடச் சிறியவை. சின்னச் சின்னப் பிளாஸ்டிக் குழாய்களில் போட்டு, பயணப்பையின் அடியில் வைத்துக் கொண்டுவந்தேன்.

வந்த மறுநாள் குளித்துவிட்டு அறைக்குள் போனபோது, பையின் சிப் நான் விட்ட இடத்தில் இல்லை. உள்ளே எதுவும் குறையவில்லை. துவாய் மட்டும் வேறு விதமாக மடிந்திருந்தது. அக்காவிடம் கேட்டேன். அவள் அரிசி களைந்துகொண்டே, தான் தொடவில்லை என்றாள், முகத்தைத் திருப்பாமல். அன்றே கடைத்தெருவில் ஒரு சின்னப் பூட்டு வாங்கிப் பையைப் பூட்டினேன். என் பொருளைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். அத்தானுக்கு அந்தப் பூட்டு ஒன்றே போதுமாக இருந்திருக்கிறது.

அதன் பிறகு வீட்டில் எல்லோரும் மெதுவாகப் பேசினோம். எனக்குத் தொலைபேசி வந்தால் அத்தான் வானொலியின் சத்தத்தைக் குறைத்தார். நான் தெருமுனைக்குப் போய்த் திரும்பினால் ஜன்னல் திரை அசைந்தது. அவர் வேலைக்குப் புறப்படும்போது நானும் அவருடைய கைப்பையைப் பார்க்கத் தொடங்கினேன்.

ஆய்வுக்கூடத்துக்குப் போகவேண்டிய காலையில் பையை எடுத்தேன். பூட்டு பூட்டியபடி இருந்தது. சிப்பின் தையல் ஓரமாக வெட்டப்பட்டு, திரும்பவும் நேர்த்தியாகத் தைக்கப்பட்டிருந்தது. திறந்தேன். குழாய்கள் இருந்தன. எல்லாம் வெறுமை.

அத்தான் சமையலறையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். கற்கள் எங்கே என்று கேட்டேன். அவர் மறுக்கவில்லை.

"டொய்லெற்றுக்குள்ள போட்டுத் தண்ணி இழுத்துவிட்டன். இந்த வீட்டில போதைத்தூள் வச்சிருக்க ஏலாது, தம்பி."

"அது மீன்ர காதுக்குள்ள இருக்கிற கல், அத்தான்."

"மீனுக்கு எங்க காது?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. பொய் சொல்கிறவனிடம் கடைசியாக ஒரு வாய்ப்புக் கொடுப்பவர்போலக் கேட்டார். அக்கா வாசல் நிலையில் நின்று அழுதாள். பையைத் திரும்பத் தைத்தது அவள்தான் என்று அப்போது புரிந்தது. அன்று மத்தியானமே விக்டோரியா நிலையத்தில் பஸ் ஏறிவிட்டேன்.

வடக்கே போய் நடந்ததைச் சொன்னபோது, பேராசிரியர் எழுந்து அறைக்கதவைச் சாத்தினார். பிறகு, நான் உண்மையிலேயே அந்தக் கற்களைச் சேகரித்தேனா என்று மரியாதையாகக் கேட்டார். கப்பல்காரர்கள் என் வாந்தியை நினைவில் வைத்திருந்ததால் தப்பினேன். அடுத்த குளிரில் மறுபடியும் கடலுக்குப் போனேன். ஒரு வருடம் பிந்தினாலும் பட்டம் கிடைத்தது.

இடையில் அக்கா மட்டும் தொலைபேசியில் பேசினாள், அத்தான் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து. அத்தானுக்கு விசா கிடைத்த செய்தியும் அப்படித்தான் வந்தது. அதற்குப் பிறகு ஒரு நாள் அவரே தொலைபேசி எடுத்து, டிசம்பரில் நத்தார் விடுமுறைக்கு வரச் சொன்னார். காரணம் சொல்லவில்லை. எனக்கும் சந்தேகமாகத்தான் இருந்தது. ஆனாலும் போனேன்.

நான் போய்ச் சேர்ந்த மறுநாள் விடியப்புறம் அவர் மீன்சந்தைக்குப் போய், பெரிய கொட் மீன் தலைகள் இரண்டு வாங்கிவந்து, மேசையில் பேப்பர் விரித்து வைத்தார்.

"எடு பாப்பம்," என்றார்.

கத்தியை வாங்கித் தலையைப் பிளந்தேன். கல்லைக் கிள்ளி எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன், அவரைக்கொட்டை அளவில். அவர் அதைக் கழுவினார், முகர்ந்தார், நகத்தால் சுரண்டினார். இரண்டாவது தலையையும் வெட்டச் சொன்னார். அதிலும் இருந்தது. ஒரு கல்லைக் குறுக்கே முறித்து, என் பூதக்கண்ணாடியைக் கொடுத்து, இது ஏழு வயது மீன் என்றேன். ஜன்னலடிக்குப் போய் வெகுநேரம் எண்ணினார்.

"எனக்கு ஆறுதான் தெரியுது."

இருக்கலாம் என்றேன். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் கற்களை ஒரு சின்னப் போத்தலில் போட்டு என் முன்னால் வைத்துவிட்டுத்தான் கை கழுவப் போனார்.

அக்கா தலைகளைத் துண்டாக்கிக் குழம்பு வைத்தாள். சாப்பிடும்போது, வடக்கே ஆட்கள் தலையைத் தின்பதில்லை, வெட்டி எறிந்துவிடுவார்கள் என்று சொன்னேன். அத்தான் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தி என்னைப் பார்த்தார். அதை அவர் கொஞ்சமும் நம்பவில்லை.